காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போங்கள்



 இந்த வாரத் தியானத்திற்கு மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் 23, 24ஆம் வசனங்களை எடுத்துக்கொள்வோம். வேதாகமத்தைத் திறந்து அவ்விரு வசனங்களையும் நிதானமாக வாசித்துவிட்டு மேலே தொடருங்கள்.

இவை நமக்கு மனப்பாடமான வசனங்கள். ஆயினும் நம்முடைய சபைகளில் இவை பெரும்பாலும் தலைகீழாகவே போதிக்கப்படுகின்றன. யார்மேலாவது உனக்குக் கசப்பு இருந்தால் அதை விட்டுவிட்டு ஆராதனைக்கு வா என்பதே நாம் கேட்டுப் பழகிய விளக்கம். அப்படிப்பட்ட போதனையும் ஆண்டவரிடத்தில் உண்டு. அது மாற்கு 11:25இல் இருக்கிறது. ஆனால் மலைப்பிரசங்கத்தில் அவர் சொல்வது வேறு. இங்கே பலிபீடத்தண்டை வந்து நிற்கிறவன் மனதில் கசப்பு ஒன்றும் இல்லை. அவன் சமாதானமாகவே வந்திருக்கலாம், பாடிக்கொண்டே வந்திருக்கலாம். குறை இருப்பது அவனுடைய சகோதரனுக்கு. அந்தக் குறைக்குக் காரணம் காணிக்கையோடு வந்து நிற்கிற இவன். இவனைத்தான் ஆண்டவர் தடுத்து நிறுத்துகிறார்.

எங்கே தடுத்து நிறுத்துகிறார் என்பதையும் கவனியுங்கள். இந்த வார்த்தைகளைக் கேட்டவர்கள் கலிலேயாவின் மலையில் அமர்ந்திருந்தார்கள். பலிபீடமோ எருசலேமில் இருந்தது. இரண்டிற்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். கால்நடையாகச் சில நாள் பயணம். அவ்வளவு தூரம் நடந்து, பலிப்பொருளோடு ஆலயத்தில் நிற்கிறவனிடம், அதை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போ, ஒப்புரவாகிவிட்டு மறுபடியும் வா என்கிறார் ஆண்டவர். ஆராதனையை முதலில் முடித்துவிட்டுப் பிறகு போய்ப் பேசிக்கொள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சகோதரனுடைய குறை தீராமல் செலுத்தப்படும் காணிக்கைக்கு அவர் சந்நிதியில் இடமில்லை.

அப்படியிருக்க, "ஆராதனை என்பது எனக்கும் தேவனுக்கும் உள்ள காரியம், இதில் மற்றவர்களுக்கு என்ன வேலை?" என்று நாம் கேட்பது எப்படி? பக்தியைப்போல் ஒலிக்கும் இந்த வாக்கியத்தை நான் எதிர்க்கிறேன். இது வேதத்தில் இல்லை. தன்னால் புண்பட்ட மனிதனைப் பார்க்காமல் தேவனைப் பார்த்துவிடலாம் என்று எண்ணுகிறவனுடைய வாக்கியம் இது. காண்கிற சகோதரனிடத்தில் இல்லாத அன்பைக் காணாத தேவனிடத்தில் செலுத்த முடியாது என்று யோவான் தம் முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் இந்த வழியை அடைத்துவிட்டார்.

நம் தமிழ்நாட்டிலே இந்த வாக்கியத்தைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியே வைத்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்தில் ஒரே பலிபீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள் நீண்டன. ஒன்றில் பிள்ளைமாரும் முதலியாரும். மற்றொன்றில் நாடார் முதலிய பிறர். நடுவே சுவர். கட்டடத்தின் வடிவைக் கண்டு ஜனங்கள் அதைக் காற்சட்டைக் கோவில் என்று அழைத்தார்கள். இரு கூடத்தாருக்கும் பலிபீடம் தெரிந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கத்தான் வழியில்லை. அவரவருக்கும் தேவனுக்கும் மட்டும் உள்ள ஆராதனை என்பதற்கு இதைவிடச் சரியான கட்டடம் அமையுமோ?

1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். சுவரை இழந்தவர்கள் மனம் வருந்தித் திரும்பவில்லை, நீதிமன்றம் சென்றார்கள். சென்னை உயர்நீதிமன்றம்வரை வழக்கு நடந்தது. பிரிந்து அமர்ந்து வழிபடுவதை உரிமையாகக் கேட்ட அவர்களுடைய கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு குருவானவர் பலிபீடத்திலிருந்து கண்டதை உலக நீதிபதிகளும் கண்டுகொண்டார்கள். அந்த ஆலயத்திலேயே வளர்ந்த விசுவாசிகள் காணவில்லை.

இது கத்தோலிக்கருடைய கதை என்று நாம் ஆறுதல் அடைய வேண்டாம். 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் நம் சென்னையின் வேப்பேரியிலும் திரளானோர் சபையை விட்டு விலகினார்கள். சாதி என்பது உலக வழக்கம், விசுவாசத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை என்பதே அன்று சொல்லப்பட்ட வாதம். இன்று நம் வீடுகளில் திருமணப் பேச்சு எடுக்கும்போது சொல்லப்படுவதும் இதே வாதம்தான். ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்டவருடைய மகனுக்குப் பெண் கொடுக்கும் பேச்சு வந்தவுடன், "அது வேறு, இது வேறு" என்கிறோம். இடித்த சுவரின் கற்களை ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழ்கிற நம்மில் அநேகர், தொழிற்பேட்டையையும் தொழிற்சாலைகளையும் நம்பித் தெற்கிலிருந்து வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். ஊரை விட்டு வந்தோம். ஊரில் செய்த காரியங்கள் நம்மை விட்டுவிட்டனவா? உயில் எழுதாமல் மரித்த கிறிஸ்தவத் தகப்பனுடைய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. ஆயினும் எத்தனை குடும்பங்களில் ஒரு பட்டுச்சேலையும் ஒருவேளைச் சாப்பாடும் கொடுத்துச் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது! அந்த நிலத்தை விற்ற பணம் இங்கே மனையாகி, மனை வீடாகி, வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போதகரும் வந்து ஜெபித்தாயிற்று. அக்காள் இன்னும் ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. அவள் சொல்லாமல் இருப்பதனால் குறை இல்லையென்று ஆகிவிடுமா? எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் திருநெல்வேலி. கலிலேயனுக்குச் சில நாள் நடை. உங்களுக்கு ஓர் இரவு.

வேலையாட்களை வைத்திருக்கிறவர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. கொரிந்து சபையில் திருவிருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள், இல்லாதவர்கள் பசியோடிருந்தார்கள். அவர்கள் வேலை முடிந்து தாமதமாக வந்த அடிமைகளும் கூலிகளும் என்று வேத அறிஞர் பலர் விளக்குவர். பவுல் அந்த ஆராதனையின் பாடலையோ ஜெபத்தையோ குறை கூறவில்லை. நீங்கள் உண்பது கர்த்தருடைய விருந்தே அல்ல என்றார். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கக் கட்டளையிட்டார். நம்முடைய பட்டறைகளில் ஞாயிற்றுக்கிழமையிலும் ஷிப்ட் ஓடுகிறது. இயந்திரத்தை ஓட்டுகிறவன் வேலையில் இருக்க, முதலாளி முன்வரிசையில் கைகளை உயர்த்தி ஆராதிக்கிறார். சம்பளத்தில் பி.எப். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருக்கிற பணத்திலிருந்து தசமபாகம் எடுப்பவர் ஒருவர் இருந்தால், அவர் யாக்கோபு 5:4ஐ வாசிக்கட்டும். கர்த்தருடைய செவியில் அவருடைய பாடலுக்கு முன்பாகவே அந்தக் கூலியின் கூக்குரல் எட்டிவிட்டது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தகரக் கூரைக்குள் தங்கி நமக்காக உழைக்கிற வாலிபரில் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்களை நம் வீட்டுப் பேச்சில் எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறோம் என்பது நமக்கும் தெரியும், கர்த்தருக்கும் தெரியும்.

சிலர் மறுமொழி கூறுவார்கள்: "அப்படியானால் குறையற்றவன் யார்? எல்லாரும் எழுந்து போய்விட்டால் ஆலயம் காலியாகிவிடுமே." ஆகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயம் காலியாகி, அன்று மாலைக்குள் இருபது வீடுகளின் கதவுகள் தட்டப்பட்டால், பரலோகத்தில் அது குறைந்த வருகையாகக் கணக்கிடப்படாது. பரிபூரணனாகிவிட்டு வா என்று ஆண்டவர் கேட்கவில்லை. நினைவுக்கு வந்த ஒரு மனிதனிடம் போ என்றுதான் கேட்கிறார். போயும் அவர் ஏற்க மறுத்தால்? ரோமர் 12:18 அதற்கு விடை தருகிறது: உங்களால் ஆனமட்டும் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார் பவுல். ஆனால் முயன்றவனுக்கே அந்த ஆறுதல் உரியது, கிளம்பாதவனுக்கு உரியதன்று.

இந்த வசனத்தைக் கொண்டு நாம் செய்துவரும் ஓர் அநியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடிவாங்கிய மனைவியிடம், "நீதான் பொறுத்துப் போகவேண்டும், மன்னிக்காவிட்டால் உன் ஜெபம் கேட்கப்படாது" என்று ஆலோசனை கூறுகிறோம். ஏமாற்றப்பட்டவனிடம் சமாதானமாகப் போ என்கிறோம். அடித்தவனும் ஏமாற்றினவனும் அதே ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் பங்குபெறுகிறார்கள். மத்தேயு 5இல் பலிபீடத்தை விட்டு அனுப்பப்படுகிறவன் தீங்கு செய்தவன். புண்பட்டவள் எங்கும் அனுப்பப்படவில்லை. மனைவிக்குத் துரோகம் செய்தவன் கர்த்தருடைய பலிபீடத்தைக் கண்ணீரால் நிரப்பினாலும் அந்தக் காணிக்கை அங்கீகரிக்கப்படாது என்று மல்கியா தம் 2ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1 பேதுரு 3:7 ஜெபத்தடையைப் பற்றிப் பேசுவதும் கணவர்களிடத்தில்தான். சபையின் மூப்பர்களே, போதகர்களே, நாம் ஆலோசனை கூறவேண்டிய ஆளை மாற்றிக்கொள்வோம்.

பிரியமானவர்களே, அடுத்த திருவிருந்து ஞாயிற்றுக்கு முன்பாக இதைச் செய்யுங்கள். உங்களைப் புண்படுத்தியவர்களின் பட்டியல் உங்களிடம் ஆயத்தமாக இருக்கும். அதை இந்த வாரம் ஒதுக்கி வையுங்கள். உங்களால் புண்பட்ட ஒருவருடைய பெயரை மட்டும் கர்த்தருடைய சமுகத்தில் கேளுங்கள். பெயர் வந்தவுடன் ஜெபத்தை நீட்டிக்கொண்டிராதேயுங்கள். அவர் நீங்கள் வருவதை விரும்புவார் என்றால் நேரில் செல்லுங்கள். உங்களைக் கண்டு அஞ்சுகிறவராக இருந்தால், அவர் நம்பும் ஒருவர் மூலமாக எழுதி அனுப்புங்கள். "ஏதாவது தவறு செய்திருந்தால்" என்று தொடங்காதிருங்கள். செய்த தவறைப் பெயர்சொல்லிக் கூறுங்கள். கொடுக்கவேண்டியது பணமானால் பணத்தைக் கொடுங்கள். சகேயு பாட்டுப் பாடவில்லை; நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது.

பின்பு திரும்பி வாருங்கள். ஆண்டவருடைய கட்டளையில் அதுவும் உண்டு. நீங்கள் வைத்துவிட்டுப் போன காணிக்கையை யாரும் எடுத்துவிட மாட்டார்கள்.

ஜெபம்: பரிசுத்தமுள்ள பிதாவே, நாங்கள் மறக்க விரும்புகிற முகத்தை எங்கள் நினைவுக்குக் கொண்டுவாரும். அந்த வாசல்வரை நடக்க எங்களுக்குத் தாழ்மை தாரும். எங்களால் புண்பட்டவர்களை நீர் தேற்றும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.