வண்ணம் வாங்குமுன் காகிதத்தைக் கவனியுங்கள்

பள்ளியில் அறிவியல் கண்காட்சி நெருங்கிவிட்டால் மாணவர்களிடையே ஒரு கேள்வி எழும். காகிதத்தால் செய்யும் மாதிரிகளுக்கு வண்ணம் தீட்ட நீரில் கரையும் கிரேயான் வாங்குவதா, நீரில் கரையும் வண்ணப் பென்சில் வாங்குவதா? பெரும்பாலோர் பெட்டியின் கவர்ச்சியையும் வண்ணங்களின் எண்ணிக்கையையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். இது சரியான வழியன்று என்பது என் கருத்து. முதலில் கவனிக்க வேண்டியது காகிதம். அதன் இயல்பை அறிந்தவருக்கு விலையுயர்ந்த பெட்டி தேவைப்படாது.

இவ்விரண்டிலும் இருப்பவை எவை? வண்ணம் தரும் நிறமித்தூள், அதைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புப் பொருள், மெழுகு ஆகியவை. சாதாரண மெழுகுக் கிரேயான் நீரை ஒட்டவிடாது. நீரில் பரவக்கூடிய பொருள்களைக் கொண்டு செய்வதால்தான் நாம் பேசும் இவ்வகைகள் ஈரத் தூரிகை பட்டதும் கரைகின்றன. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவைச் சேர்ந்த காரன் தாஷ் நிறுவனம் 1931ஆம் ஆண்டிலேயே இத்தகைய பென்சிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பென்சிலில் வண்ணம் மெல்லிய குச்சியாக மரத்துக்குள் இருக்கிறது. கிரேயானோ முழுவதும் வண்ணக்கட்டியே. ஆகவே கிரேயான் ஒரே இழுப்பில் மிகுந்த வண்ணத்தைத் தாளில் படியவைக்கும். பென்சில் சிறிது சிறிதாகவே தரும்.

இனிக் காகிதத்துக்கு வருவோம். காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். நார்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் தானாகவே ஏறிப் பரவும். நீரை உறிஞ்சிய நார் நீளவாக்கில் சிறிதளவே நீளும்; குறுக்குவாக்கில் அதைவிடப் பன்மடங்கு பருக்கும். ஆலையில் காகிதம் உருவாகும்போது நார்களில் பெரும்பாலானவை ஒரே திசையில் படிகின்றன. எனவே நனைந்த தாள் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக விரிவதில்லை. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அப்பக்கம் விரிந்து தாள் வளைகிறது. காய்ந்த பின்னும் அது முன்போலச் சமதளமாவதில்லை.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். ஒரு கனசதுரம் செய்ய 200 மி.மீ. அகலமுள்ள வரைபடம் வரைந்திருக்கிறீர்கள். நீர் பட்டு அது 1 விழுக்காடு விரிந்தால்கூட 202 மி.மீ. ஆகிவிடும். அந்நிலையில் வெட்டி மடித்தால் விளிம்புகள் பொருந்துமா? ஆகையால் நீரைப் பயன்படுத்துவதாயின் முதலில் தாளுக்கு வண்ணமிட்டு, உலர்த்தி, கனமான புத்தகங்களின் அடியில் வைத்து நேராக்கிய பிறகே அளந்து வரைய வேண்டும்.

மடிப்பும் ஒட்டும் இடமும் அடுத்த சோதனைகள். கிரேயான் தடிமனாகப் படிந்த இடத்தை மடித்தால் வண்ணம் விரிசல் விட்டு உதிரும். அதிலுள்ள மெழுகின் மீது பசை நன்றாகப் பிடிக்காது. மேலும் நீரில் கரையும் வண்ணம் காய்ந்த பிறகும் பெரும்பாலும் மீண்டும் கரையக்கூடியது. பசையின் ஈரமும் விரல்களின் வியர்வையும் பட்டால் கறை பரவும். எந்த வண்ணமானாலும் ஒட்டும் மடிப்புகளை வெள்ளையாகவே விட்டுவிடுவது நல்லது.

பென்சிலிலும் குறையில்லாமலில்லை. கை 2 நியூட்டன் விசையுடன் அழுத்துகிறது என்று கொள்வோம். பென்சில் முனை 1 சதுர மி.மீ. பரப்பில் தாளைத் தொட்டால் அழுத்தம் 20,00,000 பாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு! 50 சதுர மி.மீ. பரப்புள்ள கிரேயான் முனையில் அதே விசை 40,000 பாஸ்கல் அழுத்தத்தையே தருகிறது. மெல்லிய தாளில் பென்சில் பள்ளம் விழச் செய்வதன் காரணம் இதுவே. முனையைச் சாய்த்து மென்மையாகத் தீட்டினால் தொடும் பரப்பு கூடி இக்குறை நீங்கும்.

"பெரிய பரப்பை நிரப்பக் கிரேயான்தானே விரைவானது?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். கடலையோ வானத்தையோ கெட்டியான வரைதாளில் தீட்டி, மடிக்காமல் பின்னணியாக நிறுத்துவதானால் கிரேயானே சிறந்தது. ஆனால் கண்காட்சி மாதிரிகளில் பெரும்பாலானவை வெட்டி, மடித்து, ஒட்டிச் செய்பவை. அவற்றுக்குக் கூர்மையான கோடும் குறைந்த ஈரமும் வேண்டும். நீர் தொடாமலே பயன்படுத்தலாம், வேண்டிய இடத்தில் மட்டும் ஈரத் தூரிகையால் தடவலாம் என்ற இரு வசதியும் பென்சிலுக்கு உண்டு. ஒன்றை மட்டுமே வாங்க இயலும் என்ற நிலையில் உள்ள மாணவருக்கு 12 வண்ணப் பென்சில்கள் போதும் என்பேன். ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டி மேலும் பல நிறங்களைப் பெறலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பளபளப்புக்கு மதிப்பெண் அளிக்கும் வழக்கம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே பரிசைத் தேடித் தருகிறது. விளிம்பு பொருந்தியிருக்கிறதா, இன்ன பொருளை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்ற வினாவுக்கு மாணவர் விடை கூறுகிறாரா என்று பாருங்கள். அறிவியல் கண்காட்சியில் மதிப்பிட வேண்டியது அதுவே.

மாணவர்களே, என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம். ஒரே தாளிலிருந்து நீளவாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் ஒன்றுமாகச் சம அளவுள்ள இரு பட்டைகளை வெட்டுங்கள். ஒரு முனையைப் பிடித்துக் கிடையாக நீட்டினால் எது அதிகமாகத் தொங்குகிறதோ, அதில் நார்கள் குறுக்காக ஓடுகின்றன. பின்னர் இரண்டையும் நண்பரிடம் கேட்டு வாங்கிய கிரேயானாலும் பென்சிலாலும் தீட்டி, நனைத்து, உலர்த்தி, மடித்துப் பாருங்கள். நீளத்தை முன்னும் பின்னும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கடைக்குச் செல்லுங்கள்.