ஊதும் கருவியும் தீர்ப்பெழுதும் எண்ணும்

சித்தூர்–திருப்பதி நெடுஞ்சாலையில் இரவுச் சோதனைக்கு நிறுத்தப்படும் ஓட்டுநர் ஒரு குழாயில் ஊதுகிறார். திரையில் ஓர் எண் தோன்றுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

அந்தக் கருவியோ இரத்தத்தைத் தொடுவதே இல்லை. மூச்சிலுள்ள ஆல்கஹால் பிளாட்டின மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது எழும் மின்னோட்டத்தையே அது அளக்கிறது. 2,100 மில்லி லிட்டர் நுரையீரல் மூச்சில் உள்ள ஆல்கஹாலும் 1 மில்லி லிட்டர் இரத்தத்தில் உள்ளதும் சமம் என்று கொண்டு, இரத்த அளவைக் கணித்துச் சொல்கிறது.

ஆயின் இவ்விகிதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். 1,700 விகிதமுடைய ஒருவரின் இரத்தத்தில் 26 மில்லிகிராம் இருப்பினும் கருவி 32 என்று காட்டும். 2,400 விகிதமுடையவருக்கு 34 இருப்பினும் 30க்குக் கீழேயே காட்டும். சட்டத்தை மீறாதவர் தண்டிக்கப்படுகிறார். மீறியவர் தப்பிச் செல்கிறார். இருமல் மருந்தோ வாய் கொப்பளிக்கும் திரவமோ வாயில் விட்ட ஆல்கஹால் மறையச் சுமார் 15 நிமிடம் ஆகும். அதற்குள் ஊதச் செய்தால் எண் மேலும் பொய்க்கும்.

இக்குறைகளைச் சுட்டுவது குடித்து ஓட்டுவோருக்கு வக்காலத்து வாங்குவதாகாது. பக்தர்களை ஏற்றிக்கொண்டு திருமலை மலைப்பாதையில் ஏறும் வாகனத்துக்குச் சோதனை இன்றியமையாதது. மது வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி ஆகியவை மட்டும் குடிபோதையை நிறுவப் போதா என்று உச்ச நீதிமன்றம் 1971இல் கச்சுபாய் அல்ல, பச்சுபாய் கரியானி வழக்கில் உரைத்தது. ஆகவே அளவீடு வேண்டும். நம்பத்தக்க அளவீடாக அது இருக்க வேண்டும்.

திருப்பதிச் சந்தையின் தராசுக்குக்கூடச் சட்டப்படி முத்திரை உண்டு. மனிதரைச் சிறைக்கு அனுப்பும் கருவி, கடைசியாக அளவுதிருத்தம் செய்யப்பட்ட நாளை ஒவ்வொரு சீட்டிலும் அச்சிட வேண்டும். 15 நிமிடக் காத்திருப்பும் இரண்டாம் ஊதலும் கட்டாயமாக வேண்டும். 204ஆம் பிரிவின் இரத்தப் பரிசோதனை, காவலர் கோரினால் மட்டும் நடப்பது என்ற நிலை மாறி, ஓட்டுநரின் உரிமையாக வேண்டும்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிழைவரம்பு குறிக்காத மாணவர் மதிப்பெண்ணை இழக்கிறார். சாலையில் பிழைவரம்பற்ற எண்ணால் ஓட்டுநர் இழப்பது தம் பிழைப்பை. இதைக் கற்பிப்போர் இனியும் வாளாவிருத்தல் தகாது.