பால்கார்சே ஊர் மெக்கானிக்

1950 மே 21, மொனாக்கோ. கடலலை கரையோரத் திருப்பம் ஒன்றில் தெறித்துச் சாலையை நனைத்திருந்தது. முதல் சுற்றிலேயே ஃபரீனாவின் கார் அங்கே வழுக்கிச் சுழல, பின்னால் வந்தவை ஒன்றோடொன்று மோதி வழியை அடைத்துக்கொண்டன. அதற்குள் அந்த இடத்தைத் தாண்டி எல்லோருக்கும் முன்னால் போய்விட்ட யுவான் மானுவல் ஃபாஞ்சியோவுக்கு இது எதுவும் தெரியாது. ஒரு சுற்று முடித்துத் திரும்பவும் அதே திருப்பத்தை நெருங்குகிறார். அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. பந்தயத்தில் முதலாவதாக வருபவர் அவர். கூட்டமோ அவரைப் பார்க்கவில்லை. எல்லா முகங்களும் வேறு பக்கம் திரும்பியிருந்தன. அழுத்தினார் பிரேக்கை. நொறுங்கிக் கிடந்த கார்களுக்கு நடுவே இடம் தேடி வண்டியை நுழைத்து வெளியே வந்தார். கடைசியில், இரண்டாவதாக வந்த அஸ்காரியை ஒரு முழுச் சுற்று பின்னால் தள்ளி வென்றார். 1936-இல் அதே ஊரில் நடந்த மோதல் ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்திருந்தது கைகொடுத்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கார் பந்தயத்தில் யார் பெரியவர் என்று வீட்டில் பேச்சு வந்தால் பிள்ளைகள் ஹாமில்டன், வெர்ஸ்டாப்பன் என்பார்கள். சற்று வயதானவர்கள் ஷூமாக்கர், சென்னா என்பார்கள். நான் ஃபாஞ்சியோ என்றதும் இரு தரப்பும் ஒன்றுசேர்ந்து, ‘அது யார்?’ என்று கேட்கும்.

அர்ஜென்டினாவில், உருளைக்கிழங்கு விளையும் பால்கார்சே என்ற சிற்றூரில் 1911-இல் பிறந்தவர். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். கால்கள் கொஞ்சம் வளைந்திருக்கும்; பட்டப்பெயரும் அதை வைத்துத்தான். சிறுவயதிலேயே பட்டறை வேலை, பிறகு சொந்தப் பட்டறை. பந்தயத்துக்குக் கார் வாங்க ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1940-இல் புவெனஸ் ஐரெஸிலிருந்து பெருவின் லிமாவுக்குப் போய்த் திரும்பும் பந்தயம் நடந்தது. ஏறத்தாழ 9,500 கிலோமீட்டர், ஆண்டீஸ் மலைமேல், மண் சாலையில். வண்டி உடைந்தால் ஓட்டுபவரே இறங்கிச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒரு ஷெவர்லே காரில் அதை வென்றார் ஃபாஞ்சியோ. பிறகு வந்த நவீன ஓட்டுநர்களில் எத்தனை பேர் இப்படி ஸ்பானரோடு ஓடியிருப்பார்கள்?

அந்தச் சாலைகள் விலையும் கேட்டன. 1948-இல் பெருவில் அவருடைய கார் உருண்டதில் உடன் சென்ற நண்பர் டேனியல் உருட்டியா இறந்தார். அதன் பிறகுதான் ஐரோப்பாவில் தொடர்ந்து ஓடத் தொடங்கினார். முதல் உலகப் பட்டம் வென்றபோது வயது 40. இப்போதெல்லாம் அந்த வயதில் பெரும்பாலானோர் தொலைக்காட்சியில் வர்ணனை சொல்லப் போய்விடுகிறார்கள்.

1951, 1954, 1955, 1956, 1957 என ஐந்து பட்டங்கள். ஆல்ஃபா ரோமியோ, மெர்சிடிஸ், ஃபெராரி, மசெராட்டி என நான்கு நிறுவனங்களின் கார்கள். 1954-இல் சீசனின் நடுவிலேயே மசெராட்டியிலிருந்து மெர்சிடிஸுக்கு மாறினார். அரசியலில் ஒருவர் இப்படித் தாவினால் நாம் வேறு பெயர் வைப்போம். எப்போதும் நல்ல காராகப் பார்த்து ஏறிக்கொண்டவர் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. பட்டறையில் வளர்ந்தவனுக்கு எந்த எஞ்சின் தேறும் என்று தெரியாவிட்டால்தான் குறை. இருந்தாலும் 1956 பட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. இத்தாலியில் மோன்சா மைதானத்தில் நடந்த கடைசிப் பந்தயத்தில் அவருடைய கார் பழுதாகி நின்றது. காரைக் கொடுத்துவிடச் சொன்னபோது சக ஃபெராரி ஓட்டுநர் லூயிஜி மூஸோ மறுத்துவிட்டார். தனக்கும் பட்டத்துக்கு வாய்ப்பிருந்த ஆங்கிலேய இளைஞர் பீட்டர் காலின்ஸ் தானே இறங்கிக் காரைக் கொடுத்தார். அன்றைய விதிகள் அதற்கு இடம் தந்தன.

ஃபாஞ்சியோ தானே தேடிக்கொண்ட விபத்தும் மோன்சாவில்தான். 1952 ஜூனில், முதல் நாள் வட அயர்லாந்தில் ஒரு பந்தயம் ஓடிவிட்டு, விமானம் கிடைக்காமல் பாரிசிலிருந்து இரவு முழுக்கக் கார் ஓட்டிவந்து, தூக்கமில்லாமல் பந்தயத்தில் இறங்கினார். கழுத்தெலும்பு முறிந்தது. அந்த சீசன் அதோடு போயிற்று.

இனி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங், 1957 ஆகஸ்ட் 4. ஒரு சுற்று கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர், மொத்தம் 22 சுற்றுகள். ஃபெராரி கார்கள் நிற்காமல் ஓடி முடிக்கத் திட்டமிட்டன. ஃபாஞ்சியோவின் மசெராட்டியோ பாதி டாங்க் எரிபொருளோடு கிளம்பியது. இலகுவான வண்டியில் முன்னேறி, நடுவில் நிறுத்தி எரிபொருளும் டயரும் மாற்றுவது அவர்கள் கணக்கு. 12-வது சுற்றில் நிறுத்தினார்கள், மெக்கானிக்குகள் சொதப்பினார்கள். மறுபடி கிளம்பியபோது ஃபெராரி ஓட்டுநர்கள் மைக் ஹாதார்னும் காலின்ஸும் 45 விநாடிக்கு மேல் முன்னால் இருந்தார்கள்.

முதல் ஓரிரண்டு சுற்றுகளில் ஃபாஞ்சியோ நெருங்கவில்லை; ஃபெராரிக்காரர்களும் நிம்மதியாக இருந்தார்கள். பிறகு தொடங்கியது வேட்டை. வழக்கமாக எடுக்கும் திருப்பங்களை ஒரு கியர் கூட்டி எடுத்தார். சுற்றுக்குச் சுற்று சாதனை உடைந்தது. ஒரு சுற்று 9 நிமிடம் 17.4 விநாடி. முந்தைய ஆண்டு அங்கே அவரே படைத்திருந்த சாதனையைவிட 24 விநாடி குறைவு! கடைசிக்கு முந்தைய சுற்றில் காலின்ஸையும் ஹாதார்னையும் முந்தி, 3.6 விநாடி வித்தியாசத்தில் வென்றார். வயது 46. அப்படி ஓட்டியது தனக்கே அச்சம் தந்ததாகவும், இனி ஒருபோதும் அப்படி ஓட்ட விரும்பவில்லை என்றும் பின்னர் சொன்னார்.

அன்று இரண்டாவது ஹாதார்ன், மூன்றாவது காலின்ஸ், நான்காவது மூஸோ. 1958 ஜூலை 6 அன்று பிரான்சின் ரான்ஸ் மைதானத்தில் மூஸோ இறந்தார், வயது 33. ஒரு மாதத்துக்குள் அதே நூர்பர்க்ரிங்கில் காலின்ஸ், வயது 26. அந்த ஆண்டு பட்டம் வென்று ஓய்வை அறிவித்த ஹாதார்ன், 1959 ஜனவரியில் இங்கிலாந்தில் சாதாரணச் சாலையில் கார் மோதி இறந்தார், வயது 29. அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. அக்காலக் காரில் இடுப்புப் பட்டை கிடையாது, ஓரத்தில் தடுப்பு கிடையாது. ஒரு சக்கரம் தடம் விலகினால் போதும்.

1958 பிப்ரவரியில், கியூபாவில் ஒரு பந்தயத்துக்கு வந்திருந்த ஃபாஞ்சியோவைக் கிளர்ச்சியாளர் காஸ்ட்ரோவின் ஆட்கள் ஹவானா ஓட்டலிலிருந்து கடத்திச் சென்று, பந்தயம் முடிந்ததும் பத்திரமாக விட்டார்கள். சினிமாக்காரர்களுக்கு இந்தக் கதைதான் பிடிக்கும். எனக்கு ரான்ஸ் போதும். மூஸோ இறந்த அதே பந்தயத்தில், பழுதான மசெராட்டியில் நான்காவதாக ஓடிக்கொண்டிருந்த ஃபாஞ்சியோவை ஒரு சுற்று பின்னுக்குத் தள்ளும் நிலையில் வந்தார் ஹாதார்ன். வந்தவர் வேகத்தைக் குறைத்து, பெரியவரை முதலில் கோட்டைக் கடக்கவிட்டார். காரிலிருந்து இறங்கிய ஃபாஞ்சியோ, போதும் என்று முடிவெடுத்தார். ஃபார்முலா ஒன்னில் அதன் பிறகு அவர் ஓடவில்லை.

1995 ஜூலையில், 84 வயதில், நோயில் இறந்தார். ஐந்து பட்டங்கள் என்ற அவருடைய சாதனையை ஷூமாக்கர் 2003-இல்தான் தாண்டினார். ஓடிய 51 பந்தயங்களில் 24 வெற்றி என்ற விகிதத்தை வேறெந்த உலகச் சாம்பியனும் எட்டவில்லை. என் ஓட்டு அவருக்கே. மறுப்பவர்கள் தாராளமாகக் கடிதம் எழுதலாம். உங்கள் ஆள் எத்தனை பந்தயம் வென்றார் என்பதோடு, எத்தனை ஓடினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.