வீடியோ பார்த்து முடித்தால் தரவுத்தளம் படித்ததாகுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

நமது ஊர்ப் பிள்ளைகள் பலர் இப்போது வீட்டிலிருந்தே யூடியூபிலும் இலவசத் தளங்களிலும் கோடிங் படிக்கிறார்கள். சந்தோசமான விடயம். கோர்ஸ் கட்டணம் கட்ட வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும், கொழும்பில் தங்கிப் படிக்க வாய்ப்பில்லாத பெண்பிள்ளைக்கும் திறந்திருக்கும் கதவு அது. "யூடியூப் பார்த்துப் படிப்பதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தக் குறை முதலில் எங்களிடமே இருந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கடந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து உலர் உணவுப் பொதி கொடுத்தோம். வீதி வீதியாகப் போய்ப் பெயர் எடுத்தோம். ஐந்தாறு கொப்பிகளில் இருந்ததை ஒரே எக்செல் பட்டியலாக அடித்தபோது சில பெயர்கள் இரண்டு தரம் வந்திருந்தன. எக்செலில் இரட்டித்த வரிகளை நீக்க ஒரு பொத்தான் இருக்கிறது. பெயர் இருக்கும் நிரலை மட்டும் தெரிவுசெய்து அதை அழுத்தினோம். இரண்டு நிமிட வேலை.

பொதி கொடுத்த அன்று ஒரு உம்மா பாடசாலைக் கேற்றடியில் வந்து நின்றார். "எங்கட வளவுக்குள்ளயும்தானே தண்ணி வந்த, சேர். எங்கட பேர ஏன் வெட்டின?" என்றார். யாரும் வெட்டவில்லை என்று சொல்லிவிட்டுக் கொப்பியையும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அடுத்த வீதியில் அதே முதலெழுத்து, அதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார். இருவரையும் ஒருவர் என்று எடுத்து இரண்டாவது வரியைக் கணினி அழித்திருக்கிறது. கணினியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் சொன்னதைத்தான் அது செய்தது. நமது ஊரில் ஒரே பெயரில் எத்தனை பாத்திமாக்கள் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, பெயரை வைத்து ஆளை அடையாளம் காணச் சொன்னவர்கள் நாங்கள்.

அவருக்குப் பொதி கொடுத்தோம், மாப்பும் கேட்டோம். ஆனால் வந்து கேட்க வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர்? அந்தக் கேள்விக்கு எங்களிடம் இன்றும் பதில் இல்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், அந்தக் குழுவில் ஐசிடி படிப்பிக்கும் ஆசிரியர்களும் இருந்தோம். முதன்மைச் சாவி என்றால் என்ன என்று வகுப்பில் வரைவிலக்கணம் எழுதிப் போடுகிறவர்கள். ஒரு வரிசையை மற்ற எல்லா வரிசைகளிலிருந்தும் தனித்து அடையாளம் காட்டுவதுதான் முதன்மைச் சாவி என்பது எங்களுக்கு மனப்பாடம். ஊருக்கு ஒரு பட்டியல் போடும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

உறவுமுறைத் தரவுத்தளம் புதிய சரக்கு ஒன்றும் இல்லை. ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த எட்கர் கொட் என்ற ஆய்வாளர் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆரம்பித்தது. தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து வைப்போம், ஒவ்வொன்றையும் ஓரிடத்தில் மட்டும் எழுதுவோம், தேவைப்படும்போது சாவிகளைக் கொண்டு இணைத்துக்கொள்வோம் என்பதுதான் அதன் சாரம். 1974இல் அதே நிறுவனத்தில் அதற்கென ஒரு வினவல் மொழி வந்தது. இன்று எஸ்கியூஎல் என்று நாம் படிப்பது அதுதான். 50 வருடத்துக்கும் மேலாகியும் வங்கி, வைத்தியசாலை, கடை பில் என்று எல்லாவற்றுக்கும் பின்னால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கையிலுள்ள போனுக்குள்ளேயே எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் இருக்கிறது. ஆகவே இதைப் படிக்கச் செலவிடும் நேரம் வீண்போகாது. பிரச்சினை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான்.

அண்மையில் இணையத்தில் ஒரு முழுத் தொடரையும் பார்த்து முடித்த மாணவர்கள் சிலர் வந்தார்கள். சான்றிதழின் ஸ்கிரீன்ஷொட்டும் காட்டினார்கள். பாராட்டினோம். பிறகு பாடசாலை நூலகத்தின் இரவல் கொப்பியைக் கையில் கொடுத்து, "இதற்கு அட்டவணை போடுங்கள்" என்றோம். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனாலும் அவர்கள் போட்டது ஒரே ஒரு அட்டவணை. மாணவர் பெயர், வகுப்பு, புத்தகம் 1, புத்தகம் 2, புத்தகம் 3. நான்காவது புத்தகம் எடுத்தால் எங்கே எழுதுவது என்று கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் வகுப்பு மாறினால் எத்தனை இடத்தில் திருத்துவது என்று கேட்டோம். அப்போதுதான் அவர்களுக்கு நோர்மலைசேஷன் என்ற பாடம் எதற்காக இருக்கிறது என்பது பிடிபட்டது. அந்தப் பாடத்தையும் அவர்கள் வீடியோவில் பார்த்திருக்கிறார்கள்!

ஏன் இப்படி? இணையப் பாடங்களில் அட்டவணைகள் ஏற்கனவே தயாராக இருக்கும். டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்தில் எஸ்கியூஎல் படித்தவர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளர் அட்டவணையின் முதல் வரியில் பெர்லின் நகரத்து நிறுவனம் ஒன்று வரும். மைக்ரோசொஃப்டின் நோர்த்விண்ட் என்ற மாதிரித் தரவுத்தளத்திலிருந்து எடுத்தது. நல்ல தளம், நாங்களும் அதில் படித்தவர்கள்தான். ஆனால் அங்கே கஷ்டமான வேலையை வேறு யாரோ முடித்து வைத்திருக்கிறார்கள். எது ஒரு வரிசை, எது சாவி, எதைப் பிரிக்க வேண்டும் என்ற முடிவெல்லாம் எடுக்கப்பட்டுவிட்டது. நமது பிள்ளை வினவல் மட்டும் எழுதிப் பழகுகிறது. பெர்லின் வாடிக்கையாளரைத் தேடியெடுக்கத் தெரிகிறது. சந்திக் கடையின் கடன் கொப்பியை அட்டவணையாக்கத் தெரிவதில்லை. நேர்முகத் தேர்விலும் வேலையிலும் கேட்கப்போவது இரண்டாவதைத்தான்.

ஆகவே பிள்ளைகளே, நாங்கள் சொல்வது இதுதான். வீடியோவை விடாதீர்கள். ஆனால் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அதை மூடிவைத்துவிட்டு, அதே பாடத்தை நமது ஊரின் ஒரு கொப்பியில் செய்து பாருங்கள். நூலகக் கொப்பி, வாப்பாவின் கடைக் கொப்பி, ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் சந்தாக் கொப்பி, விளையாட்டுக் கழகத்தின் பெயர்ப் பட்டியல், எதுவானாலும் சரி. கணினி இல்லாவிட்டால் முதலில் தாளில் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தப் பென்சில் வேலைதான் தரவுத்தளத்தின் பாதி.

அப்படிச் செய்யும்போது எந்த வீடியோவும் சொல்லித்தராத கேள்விகள் வரும். பெயர் சாவியாகாது என்றால் அடையாள அட்டை இலக்கம் ஆகுமா? யோசித்துப் பாருங்கள். பழைய இலக்கம் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து வருவது 12 இலக்கம். பழையதைப் புதிய முறைக்கு மாற்றியும் எழுதலாம் என்பதால், ஒரே ஆள் இரண்டு இலக்கத்தில் இரண்டு பேராகிவிட இடமுண்டு. சிறுபிள்ளைகளுக்கோ அடையாள அட்டையே இல்லை. ஆகவே நாமே 1, 2, 3 என்று ஓர் இலக்கம் கொடுப்பதுதான் நல்லது. அன்று எங்கள் பட்டியலில் அது மட்டும் இருந்திருந்தால், இரட்டித்த பெயரைக் கண்டதும் அழிக்காமல், இது ஒரே ஆளா இரண்டு ஆளா என்று போய் விசாரித்திருப்போம்.

இன்னொன்று. பாடம் எந்த வருடத்தில் வந்தது என்று பாருங்கள். எஸ்கியூஎல்லின் அடிப்படை மாறவில்லை, ஆனால் அதனோடு சேர்த்துப் படிப்பிக்கும் பிஎச்பி போன்றவை மாறிவிட்டன. மைஎஸ்கியூஎல் கியூரி என்ற பழைய பிஎச்பி கட்டளையை வைத்துப் படிப்பிக்கும் வீடியோக்கள் இன்னும் இருக்கின்றன. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7இலிருந்து அந்தக் கட்டளையே நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளை வரிக்கு வரி பார்த்து அடிக்கிறது, வேலை செய்யவில்லை, தனக்கு மூளை போதாது என்று நினைத்து விட்டுவிடுகிறது. பிழை பிள்ளையிடம் இல்லை, வீடியோவின் வயதில்.

பழைய பாடங்களின் இன்னொரு கெட்ட பழக்கம், பயனர் அடிப்பதை அப்படியே வினவலுக்குள் ஒட்டிவிடுவது. நமது பெயர்களே அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். மஸ்ஊத், இஸ்ஹாக் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மில் பலர் நடுவில் ஒற்றை மேற்கோள் குறி போடுகிறோம். எஸ்கியூஎல்லில் பெயர் முடிந்துவிட்டது என்பதற்கும் அதே குறிதான். பெயர் பாதியில் அறுந்து வினவல் பிழைக்கும். தீய எண்ணம் உள்ளவர் அதே ஓட்டை வழியாக உள்ளே புகுந்து முழு அட்டவணையையும் எடுத்துக்கொள்ள முடியும். வினவலை முன்பே தயார்செய்து பெறுமானத்தைத் தனியாக அனுப்பும் முறையைச் சொல்லித்தருகிற பாடத்தையே தேர்ந்தெடுங்கள். தமிழில் சேமித்த பெயர் வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் பயப்படாதீர்கள். மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்து அமைப்பைத் தெரிவுசெய்து மறுபடி பதியுங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளைகளுக்குப் பாராட்டுச் சான்றிதழை விட ஒரு கொப்பி தேவை. உங்களிடம் உள்ள ஒரு பதிவேட்டைத் தந்து, "இதை ஒழுங்காக்கித் தா மகன்", "செய்து தா மகள்" என்று பொறுப்புக் கொடுங்கள். ஆனால் உண்மைப் பெயர்களையும் அடையாள அட்டை இலக்கங்களையும் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டாம். அந்த இலக்கத்திலிருந்தே ஒருவர் பிறந்த திகதியையும், ஆணா பெண்ணா என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பொய்ப் பெயர்களோடு பழகட்டும். வேலை சரியாக வந்த பிறகு, உங்கள் கணினியில், உங்கள் கண்முன்னே உண்மைப் பதிவுகளை ஏற்றலாம். பிள்ளைகளும் இலவச இணையத் தளங்களில் ஊர் மக்களின் விபரங்களை ஏற்றிப் பார்க்கக் கூடாது.

கடைசியாக, அந்த உம்மாவின் விடயத்துக்கே வருகிறோம். நாங்கள் இப்போது வகுப்பில் ஜொயின் பாடத்தை அந்தப் பட்டியலை வைத்துத்தான் படிப்பிக்கிறோம். குடும்பம் ஓர் அட்டவணை, பொதி விநியோகம் இன்னோர் அட்டவணை, இரண்டையும் இணைப்பது குடும்ப இலக்கம். சாதாரணமாக இணைத்தால் பொதி பெற்றவர்கள் மட்டும் வருவார்கள். திரை நிறையப் பெயர்கள் வரும், வேலை நன்றாக நடந்துவிட்டது என்று மனம் நிறையும். லெஃப்ட் ஜொயின் போட்டு, விநியோகப் பக்கம் வெறுமையாக உள்ள வரிசைகளை மட்டும் கேட்டால், கிடைக்காதவர்கள் யார் என்பது வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு சொற்கள்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கு, கேற்றடியில் வந்து நின்ற ஒருவரின் முகம் மனதில் இருக்க வேண்டும். பெர்லின் வாடிக்கையாளர் பட்டியலில் அந்த முகம் கிடைக்காது.

உங்கள் வீட்டில் இதைப் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். ஒழுங்காக்க வேண்டிய கொப்பி ஏதும் உங்களிடம் இருந்தால் கீழே சொல்லுங்கள். பிள்ளைகளை நாங்கள் அனுப்பி வைக்கிறோம்.