குழந்தைக்குச் சீட்டுக்கட்டா, செல்போனா?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் விளையாட்டுச் சாமான் கடைகளிலும் பேன்சி ஸ்டோர்களிலும் எழுதுபொருள் கடைகளிலும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. ஐந்தாறு வயதுக் குழந்தை, கடையில் தொங்கும் கார்டு பாக்கெட்டைக் காட்டி அடம்பிடிக்கிறது. உடன் வந்த தாயார், "இதே விளையாட்டு செல்போனில் சும்மாவே கிடைக்கிறதே அண்ணாச்சி, காசு கொடுத்து அட்டையை எதற்கு வாங்குவது?" என்கிறார். நம்மில் பலர் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுகிறோம்.

தாயார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையான பதில் சொல்லத் தெரிந்திருப்பது கடைக்காரரின் கடமை. "இவர்கள் அட்டை விற்பவர்கள்; அட்டைக்குத்தானே பரிந்து பேசுவார்கள்" என்று சிலர் நினைக்கலாம். ஒரு கட்டு விற்றால் நமக்கு மிஞ்சுவது சில ரூபாய்தான். அதற்காக ஒரு கட்டுரை எழுத வேண்டியதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, வியாபார நேரத்தில் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று நாமே செல்போனைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோமே, அந்த நம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பற்றிய விஷயம் இது. அதனால்தான் எழுதுகிறோம்.

நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏழெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலில் கையில் பிடிக்கிற அட்டையைக் கொடுக்க வேண்டும். செல்போன் ஆட்டம் வேண்டுமானால் அதற்குப் பிறகு வரட்டும். இனி காரணங்களைப் பார்ப்போம்.

தகராறில் பிறந்த ஆட்டம்

இன்று உலகமெங்கும் விற்பனையாகும் யூனோ கார்டு பிறந்த கதை சிறு வியாபாரிகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரெடிங் என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் மெர்ல் ராபின்ஸ். 'கிரேசி எய்ட்ஸ்' என்ற சீட்டாட்டத்தின் விதி குறித்து அவருக்கும் அவர் மகனுக்கும் தகராறு வந்தது. அந்தத் தகராறைத் தீர்க்கப் போய் 1971-இல் அவர் உருவாக்கிய புது ஆட்டம்தான் யூனோ. குடும்பத்தார் சேர்ந்து 8,000 டாலர் முதல் போட்டு 5,000 கட்டுகள் தயாரித்தார்கள். முதல் விற்பனை நடந்தது அவருடைய முடிதிருத்தும் கடையிலேயேதான். பிறகு அவர் உரிமையை விற்றுவிட்டார். 1992-இல் யூனோ மாட்டெல் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, விதியைப் பற்றி வீட்டில் நடந்த வாக்குவாதத்தை. செல்போன் ஆட்டத்தில் இந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை. தப்பான சீட்டைப் போட இயந்திரம் விடாது. எந்தச் சீட்டைப் போடலாம் என்று பல ஆட்டங்களில் அதுவே விளக்குப் போட்டுக் காட்டிவிடும். பெரியவர்களுக்கு இது வசதி. குழந்தைக்கு இது நஷ்டம்.

அட்டை ஆட்டத்தில் தங்கை தப்பான சீட்டைப் போட்டால் அண்ணன் கவனித்துச் சொல்ல வேண்டும். "இல்லை, சரிதான்" என்று அவள் வாதாடுவாள். இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். எட்டிப் பார்க்க முடிந்தாலும் எதிராளியின் கையைப் பார்க்கக் கூடாது. தன் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அழுகுணி ஆட்டம் ஆடினால் அடுத்த ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் இரண்டு நாளில் புரிந்துவிடும். தடுக்க ஆள் இல்லாத இடத்திலும் விதிப்படி நடப்பதைத்தானே நம் தொழிலில் நாணயம் என்கிறோம்? அந்தப் பாடத்தை நாலு பேர் உட்கார்ந்து ஆடும் பாயில்தான் கற்க முடியும்.

தோல்வியும் அப்படியே. செல்போனில் தோற்றால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், புது ஆட்டம் வந்துவிடும். பாயில் தோற்றால், ஜெயித்தவர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு, கீழே கிடக்கும் சீட்டுகளைப் பொறுக்கிக் கலைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு சீசன் வியாபாரம் படுத்தாலும் மறுநாள் காலையில் கடையைத் திறக்கிற மனம் நமக்கு வேண்டும் அல்லவா? அதற்குப் பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறது.

பங்கு போடும் கணக்கு

யூனோவில் ஆளுக்கு 7 சீட்டு. நான்கு பேருக்குப் பங்கு போட்டால் 28. கட்டில் 108 சீட்டு இருந்தால் மீதி 80. இந்தக் கணக்கைக் குழந்தை வாயால் சொல்லி, விரலால் எண்ணி, கையால் போடுகிறது. இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு போய்விட்டால் "எனக்கு ஒன்று குறைகிறது" என்று ஒருவர் சத்தம் போடுவார். திரும்ப எண்ண வேண்டும். செல்போனில் கண் இமைப்பதற்குள் இயந்திரமே பங்கு போட்டுவிடும். எத்தனை போட்டது, எத்தனை மிச்சம் என்று குழந்தை யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

இது நம் அனுபவப் பேச்சு மட்டுமல்ல. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய குழந்தைகளை வைத்து ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒன்று முதல் பத்து வரை எண்கள் எழுதிய சாதாரணக் கட்ட விளையாட்டுதான் கருவி. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, எண்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி ஆடினார். இரண்டு வாரத்துக்குள், கால் மணி நேர அளவில் நான்கே முறை ஆடியதில் எண்ணறிவு தெளிவாக வளர்ந்தது. ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. அது சீட்டாட்டம் அல்ல, கட்ட விளையாட்டு என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் ஒரு பெரியவர், வாயில் எண், கையில் காய் என்ற மூன்றும் சீட்டாட்டத்துக்கும் பொருந்தும்.

கண் விஷயமும் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைகள் திரை முன் உட்காரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. டி.வி.யும் கார்ட்டூனும் அந்த ஒரு மணியை ஏற்கெனவே தின்றுவிடுகின்றன. அதற்கு மேல் சீட்டாட்டத்தையும் திரையில் ஏற்றினால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

கண்ணுக்குத் தெரியாத கல்லா

"சும்மா கிடைக்கிறது" என்கிறார்களே, அதை வியாபாரிக் கண்ணோடு பார்ப்போம். எந்த வியாபாரியும் சரக்கைச் சும்மா கொடுத்துக்கொண்டே இருக்க மாட்டார்.

போகிமான் அட்டைகளுக்கான 'பாக்கெட்' செயலி 2024 அக்டோபர் இறுதியில் வெளிவந்தது. அதில் 12 மணி நேரத்துக்கு ஒரு பாக்கெட் இலவசம். உடனே இன்னொன்று வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். அல்லது காசு கட்டலாம். பொறுமை இல்லாத வயதில் காத்திருப்பையே விலைச்சரக்காக்கி விற்கிறார்கள். நம் கடையில் நோட்டு கைமாறுவதைக் குழந்தை பார்க்கிறது. கொடுத்த பணம் போய்விட்டது, திரும்பி வராது என்பது அதற்குத் தெரிகிறது. செயலியிலோ அப்பாவின் பணம் ஓர் ஒளிப்பொட்டைத் தொட்டதும் போய்விடுகிறது. பணம் போனது குழந்தைக்குத் தெரிவதே இல்லை.

நியாயமாகப் பேசுவதென்றால், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாங்குகிற பாக்கெட்டை நாமும்தான் விற்கிறோம். அபூர்வ அட்டை வராதா என்று பத்துப் பாக்கெட் கிழிக்கிற குழந்தையும் அதே ஆசையில்தான் சிக்குகிறது. வீடியோ விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய மர்மப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-இல் முடிவு செய்தது. ஆகவே சின்னக் குழந்தைக்கு மர்மப் பாக்கெட்டைக் காட்டாமல், பிரித்தவுடன் ஆடக்கூடிய முழுக் கட்டை எடுத்துக் கொடுப்பதே முறை. லாபம் சற்றுக் குறையலாம். அந்தக் குடும்பம் நம் கடைக்குத் திரும்பி வரும்.

சீட்டு என்றால் சூதா?

சீட்டுக்கட்டை வீட்டுக்குள்ளேயே விடாத குடும்பங்கள் நம்மில் நிறைய. பணம் வைத்து ஆடிக் கெட்டவர்களைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் போட்ட கட்டுப்பாடு அது; அதை மதிக்கிறோம். ஆனால் அந்தப் பேய் இன்று எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இணைய சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. இந்தச் சட்டங்களுக்குக் காரணமாக இருந்தது பாயில் விரித்த சீட்டுக்கட்டு அல்ல. உள்ளங்கையில் இருக்கும் செல்போன். அப்படியும் மனம் ஒப்பாதவர்களுக்கு 52 சீட்டுக் கட்டைக் காட்ட வேண்டாம். படம் பார்த்து ஜோடி சேர்க்கும் அட்டை, எண் அட்டை, தமிழ் எழுத்து அட்டை என்று எத்தனையோ இருக்கின்றன.

செல்போனுக்கும் இடம் உண்டு

செல்போன் ஆட்டமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் தகப்பனார் இங்குள்ள பிள்ளையோடு ஓர் ஆட்டம் போட வேண்டுமானால் செல்போன்தான் வழி. நீண்ட ரயில் பயணத்தில் அட்டைகள் சிதறும். செல்போனில் ஒரு சீட்டும் தொலையாது. போகிமான் போல விதிகள் அதிகமுள்ள ஆட்டத்தைப் பெரிய குழந்தைகள் திரையில் பழகிக்கொண்டு பிறகு அட்டையில் ஆடுவதும் உண்டு.

தயாரிப்பாளர்களும் இரண்டையும் பகையாக நினைக்கவில்லை. வீடியோ விளையாட்டுக்குப் பேர்போன நின்டெண்டோ நிறுவனம் 1889-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத்தான் தொடங்கப்பட்டது. போகிமானோ 1996-இல் முதலில் வீடியோ விளையாட்டாக வந்து, அதே ஆண்டில் அட்டையாகவும் வந்தது. 2025 மார்ச் வரை 7,500 கோடிக்கும் மேற்பட்ட போகிமான் அட்டைகள் தயாராகியிருப்பதாக அந்த நிறுவனமே கணக்குச் சொல்கிறது. செயலி வந்ததால் அட்டை செத்துவிடவில்லை. ஆகவே நாம் பேசுவது எது முதலில் என்பதைப் பற்றித்தான். பாயில் ஆடப் பழகிய குழந்தை பிறகு திரையில் ஆடினால் கெட்டுவிடாது. திரையிலேயே தொடங்கிய குழந்தையைப் பாய்க்கு அழைத்து வருவதுதான் சிரமம். செல்போனைக் கொடுப்பதானால் பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும், நேரம் குறித்துக் கொடுக்கட்டும், பணம் கட்டும் வசதியைப் பூட்டி வைக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: கடையில் ஒரு கட்டையாவது பிரித்து வையுங்கள். குழந்தையும் தாயாரும் தொட்டுப் பார்க்கட்டும். ஓர் ஆட்டத்தின் விதியை இரண்டு நிமிடத்தில் சொல்லித்தரக் கடைப் பையன்களுக்குப் பழக்குங்கள்.

இரண்டு: போலிச் சரக்கை ஒதுக்குங்கள். மெல்லிய அட்டை, மங்கிய அச்சு, எழுத்துப்பிழை உள்ள கட்டு ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். "அட்டை என்றாலே இப்படித்தான்" என்று வாடிக்கையாளர் செல்போனுக்கே போய்விடுவார். மொத்த வியாபாரிகள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

மூன்று: சீட்டுக்கட்டு, சதுரங்கப் பலகை, கேரம் பலகை ஆகியவற்றுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்தக் குறைப்பு வாங்குகிறவர் கைக்கு முழுமையாகப் போய்ச் சேர வேண்டும்.

நான்கு: வாங்க வசதியில்லாதவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவில் வெட்டி, பின்புறம் எண் எழுதி, பெரிய எண் போட்டவர் சீட்டை எடுத்துக்கொள்ளும் ஆட்டம் ஆடலாம் என்று சொல்லிக் கொடுங்கள். இன்று யோசனை கேட்டுப் போனவர் நாளை வாடிக்கையாளராக வருவார்.

ஐந்து: இதுதான் முக்கியம். கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருக்கும் நம் பிள்ளையின் கையிலிருந்து செல்போனை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கட்டைக் கொடுங்கள். மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கும் அரை மணி நேரம் நாமே உட்கார்ந்து ஓர் ஆட்டம் போடலாம். நம் தகப்பனார்கள் நமக்குக் கணக்கைக் கற்றுக்கொடுத்தது சில்லறையை எண்ணச் சொல்லித்தான். இன்று பாதிக்கு மேல் பணம் க்யூ.ஆர். அட்டை வழியாக வந்துவிடுவதால், எண்ணுவதற்குக் கல்லாவில் சில்லறை இல்லை. அந்த இடத்தைச் சீட்டுகளாவது நிரப்பட்டும்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு எதைக் கொடுப்போமோ அதையே வாடிக்கையாளருக்கும் சிபாரிசு செய்வோம். வணிகப் பெருமக்கள் இந்த விடுமுறைக் காலத்திலேயே இதைத் தொடங்க வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.