சுற்றிலும் சைட், நடுவில் ஒரு தோட்டம்

எங்கள் தோட்டத்துக்கு மூன்று பக்கமும் வீட்டுமனை சைட் வந்துவிட்டது. நாலாவது பக்கத்து வெள்ளாமைக் காட்டுக்கும் அட்வான்ஸ் கைமாறியாயிற்று என்று பேச்சு. எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் இதெல்லாம் யாருக்கும் செய்தியே இல்லை. 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்க்கும் வரை நாங்கள் தனி ஊராட்சி. இன்று திருப்பூரின் பத்திரப்பதிவு அலுவலகமே இங்கே இருக்கிறது. வளர்பிறை முகூர்த்தம் என்றால் காலையிலிருந்தே கார்கள் வரிசைகட்டி நிற்கும். அங்கே வந்து நிற்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்: மகள் கல்யாணம், மகன் தொடங்கிய கம்பெனியின் கடன், ஆஸ்பத்திரிச் செலவு. விற்றவர்களை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விற்காமல் வைத்திருக்க நினைக்கிற குடும்பத்துக்குக் கை கொடுக்கச் சட்டத்திலும் திட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது மூன்றரை ஏக்கர். பாதியில் தென்னை, மீதியில் சோளமும் தீவனப்புல்லும். கட்டுத்தாரையில் நாலு உருப்படி மாடு. மாமனார் மாடு கட்டிக் கவலை ஓட்டிய கிணறு இன்னும் இருக்கிறது. தண்ணீர் போர்வெல்லில் இருந்து வருகிறது. மகன் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அவன் சம்பளமும் இந்தப் பண்ணையமும் சேர்ந்துதான் குடும்பம் நடக்கிறது. புரோக்கர்கள் வந்தபடி இருப்பார்கள். "ஏனுங்கக்கா, சென்ட் கணக்குல வெல போற எடத்துல சோளத்தட்டு அறுத்துட்டு இருக்கறீங்களே" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். விலை எனக்குத் தெரியும். இந்தத் தென்னையும் பாலும் என் ஆயுசுக்கும் கொடுக்க முடியாத பணத்தை ஒரு கையெழுத்து கொடுத்துவிடும். அது தெரிந்துதான் வேண்டாம் என்கிறேன்.

பக்கத்துக் காடு சைட்டானால் அது அவர்களோடு முடிந்துபோகிற விஷயம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் கிழக்குப் பக்கத்தில் ஓர் இட்டேரி இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குத் தடம். வேலி முழுக்கக் கோவைக்கொடியும் பிரண்டையும் முசுமுசுக்கையும் படர்ந்து கிடக்கும். சளி பிடித்தால் முசுமுசுக்கை பறிக்க நான் அங்கேதான் போவேன். கௌதாரி அடைகாக்கும், கீரி குறுக்கே ஓடும். மழை பெய்தால் மேற்காட்டுத் தண்ணீர் முழுவதும் அந்தத் தடத்தில் இறங்கி, யார் வெள்ளாமையையும் தொடாமல் பள்ளத்துக்குப் போய்ச் சேரும். வண்டித்தடமும் வாய்க்காலும் வேலியும் மருந்துக்காடும் ஒன்றாக இருந்த இடம். எத்தனை தலைமுறை வளர்த்த வேலி என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஜேசிபி அதை ஒரு பொழுதில் வழித்துப் போட்டது.

பிறகு அந்தக் காட்டைக் கிராவல் கொட்டி மேடாக்கினார்கள். கல் நட்டார்கள், தார் ரோடு போட்டார்கள். ரோட்டோரச் சாக்கடை எங்கள் வேலி வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. வரைபடத்தில் அவர்கள் எல்லை அங்கே முடிகிறது, அதனால் சாக்கடையும் அங்கே முடிகிறது. அடுத்த ஐப்பசி மழையில் மேட்டுத் தண்ணீர் முழுக்க எங்கள் சோளத்தில் நின்றது. அறுப்புக்கு இருந்த தட்டு அடியோடு அழுகி, மாடுகளுக்கு வைக்கோல் விலைக்கு வாங்கிப் போட்டோம். நான் எழுதிக் கொடுத்த மனுவுக்கு, மனைப்பிரிவு முறையாக அங்கீகாரம் பெற்றது என்று பதில் வந்தது. அங்கீகாரம் கொடுக்கும்போது பக்கத்துத் தோட்டக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நில உபயோக மாற்றத்துக்கு நாளிதழில் ஓர் அறிவிப்பு வருவது உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு நேரில் ஒரு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மனைப்பிரிவில் இரண்டு சென்டில் வீடு கட்டிக் குடிவந்த ஒரு டெய்லர் குடும்பம் எங்களிடம்தான் பால் வாங்குகிறது. பவர் டேபிளில் உட்கார்ந்து கணவனும் மனைவியுமாக உழைத்துக் கட்டிய வீடு. தேனியில் இருந்து வந்தவர்கள். அவர்களுக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு நிலம் வேண்டும், அதில் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் அவர்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கல் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்ட சைட்டுகள். சீமைக்கருவேலம் மண்டி, மயில் அடைந்து, விடிந்தால் எங்கள் சோளத்தில் இறங்குகிறது. வெள்ளாமையும் போய், வீடும் வராத நிலம் அது.

திருப்பூரின் தொழிலுக்கு எதிராகவும் நான் பேசவில்லை. இந்தக் காடுகளில் விளைந்த பருத்தியைத் தேடித்தான் ஜின்னிங் ஆலைகள் வந்தன, பிறகு பனியன் கம்பெனிகள் முளைத்தன. தோட்டத்து வருமானத்தைப் போட்டு, பங்காளி மாமன் மச்சானோடு கூட்டுச் சேர்ந்து மெஷின் வாங்கியவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். சாயத்தண்ணீரால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே தவித்ததையும் பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் மகனின் கம்பெனியில் ஆர்டர்கள் நின்றன. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தடங்கலில்லாமல் வந்தது பால் பணம் ஒன்றுதான். கம்பெனியும் தோட்டமும் ஒரே குடும்பத்தில் இருப்பதன் அருமை அப்போது நன்றாகவே தெரிந்தது.

அரசாங்கத்தை எதிர்த்து நிற்க இந்தப் பகுதிக்குத் தெரியும். இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது பெருமாநல்லூர். மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து 1970 ஜூன் 19-இல் கூடிய விவசாயிகளில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இன்றைக்கு எங்கள் மோட்டார் இலவச மின்சாரத்தில் ஓடுவதற்குப் பின்னால் அந்த மூன்று உயிரும் இருக்கிறது. அன்னூர், மேட்டுப்பாளையம் பக்கம் தொழிற்பூங்காவுக்கு 3,862 ஏக்கர் என்று அறிவித்தபோது ஊர் ஊராக எழுந்து நின்றார்கள். 2022 டிசம்பரில் அரசு இறங்கி வந்து, தனியார் நிறுவனம் வைத்திருக்கும் சுமார் 1,630 ஏக்கர் போதும், விவசாயிகள் விருப்பப்பட்டுக் கொடுத்தாலொழிய எடுக்கமாட்டோம் என்றது. நெருப்பெரிச்சலில் அப்படி எந்த அரசாணையும் இல்லை, அதனால் எந்தப் போராட்டமும் இல்லை. ஒவ்வொரு அக்ரிமெண்டாகப் போகிறது. சொந்த அண்ணன் தம்பி போடும் கையெழுத்தை எதிர்த்து யார் எங்கே போய்க் கோஷம் போடுவது?

நிலம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் பாகம் பிரிக்கும் நாளில்தான். எங்கள் வீட்டையே சொல்கிறேன். மாமனாரும் மாமியாரும் உயில் எழுதாமல் காலமானார்கள். என் வீட்டுக்காரர், கொழுந்தனார், நாத்தனாரான நங்கையா என்று மூன்று பங்கு. பெண்ணுக்குப் பங்கு கொடுப்பதால்தான் நிலம் சிதறுகிறது என்று ஊரில் சிலர் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1989-இல் தமிழ்நாடும் 2005-இல் நாடும் சட்டமாக்கிய உரிமை அது. இந்தக் கட்டுத்தாரையில் சாணி அள்ளி வளர்ந்தவர் நங்கையா. அவருக்கு இல்லாத பங்கு வேறு யாருக்கு? கொழுந்தனார் மகள் மருத்துவம் படிக்கிறாள். அவர் பணம் கேட்பதும் நியாயம். பங்கைக் கொடுக்க நிலத்தை விற்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்று ஆகிப்போனதுதான் அநியாயம்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 22-ஆவது பிரிவு ஒன்று உண்டு. உயிலில்லாமல் வந்த சொத்தில் தன் பங்கை ஒரு வாரிசு விற்க நினைத்தால், மற்ற வாரிசுகளுக்கு அதை வாங்க முன்னுரிமை உண்டு. விலையில் ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் நான் விசாரித்த யாருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. பாகப்பிரிவினைக்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வக்கீலிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் உரிமை இருந்தும் கையில் பணம் வேண்டுமே. சென்ட் கணக்கில் விலை போகும் நிலத்தின் மூன்றில் ஒரு பங்கை, பால் ஊற்றிச் சம்பாதித்து எப்படி வாங்குவது? பயிர்க்கடன் கொடுக்கிற கூட்டுறவுச் சங்கம் இதற்குக் கொடுக்காது. வங்கியில் கேட்டால் விளைச்சல் கணக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

வருமான வரிச் சட்டமோ எங்களை ஊரைவிட்டே தள்ளுகிறது. மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. ஆனால் இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் அந்த அளவுக்கு விலக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது என்னவென்றால், இங்கே விற்றவர் குண்டடத்துக்கும் தாராபுரத்துக்கும் போய் வாங்குகிறார், அங்கே விலை ஏறுகிறது, அங்கிருக்கிற சிறு விவசாயி அதற்கும் தள்ளிப் போகிறார்.

காவிரிப் படுகைக்கு 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், சந்தோஷம். அதில் தடை செய்த தொழில்களின் பட்டியலில் உருக்காலை இருக்கிறது, மீத்தேன் இருக்கிறது, மனைப்பிரிவு இல்லை. கிணற்றுப் பாசனமும் மானாவாரியுமாகப் பிழைக்கிற கொங்குப் பூமிக்கு அந்தச் சட்டமும் இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் நஞ்சராயன் குளத்தை 2022-இல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும் நல்லாறு இந்தப் பக்கத்துக் காடுகளின் மழைநீரை வாங்கித்தான் ஓடுகிறது. காடுகளை எல்லாம் தார் ரோடாக்கிவிட்டால் குளத்துக்குப் போவது சாக்கடை மட்டுமாக இருக்கும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு மூன்று தலைமுறை மனுக் கொடுத்தது. 1,916 கோடி ரூபாயில் முடித்து 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்று. நான் பிறந்த அவிநாசிப் பக்கம் குட்டை நிறையும்போது கரையோரக் காட்டில் சைட் விற்பனைப் பேனர் தொங்குகிறது.

கேரளத்தில் 2008-இல் நெல்வயலை மாற்றக் கூடாதென்று சட்டமே போட்டார்கள். வெறும் தடை மட்டும் போட்டால் சுமை முழுக்க விவசாயி தலையில் விழும். அதனால் அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1977-இல் வேறொரு வழி தேடிற்று. இந்த நிலத்தில் இனி மனை போடுவதில்லை என்று விவசாயி மாநிலத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மாநிலம் பணம் தரும். நிலம் அவருடையதே. பண்ணையம் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், இன்னொரு விவசாயிக்கு விற்கலாம். யார் கைக்குப் போனாலும் அந்த நிபந்தனை பத்திரத்தோடே போகும். விவசாய நிலம் வேறு உபயோகத்துக்கு மாறும்போது வாங்கும் வரியில் இருந்து இதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள். இது நம்மால் ஆகாதா? கிரையத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகப் பொதுவாக 9 சதவீதம் வாங்குகிறது தமிழ்நாடு அரசு. காட்டைச் சைட்டாக்கி விற்கிற பத்திரங்களில் வரும் பணத்தில் ஒரு சிறு பங்கைத் தனியாக எடுத்து வைத்தால், நெருப்பெரிச்சல் அலுவலகத்தின் வசூலில் நெருப்பெரிச்சல் தோட்டங்கள் சிலவற்றையாவது காப்பாற்றலாம்.

ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன் எல்லையில் இருக்கும் ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் நேரில் நோட்டீஸ் வேண்டும். இட்டேரியும் மழைநீர் வழியும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும், அவற்றை அடைக்க விடக் கூடாது. உடன்பிறந்தவர் பங்கை வாங்கிப் பண்ணையத்தைத் தொடர நினைக்கிறவருக்கு, மனை போடமாட்டோம் என்ற நிபந்தனையோடு குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் வேண்டும். முதல் இரண்டுக்கும் அரசுக்குப் பைசா செலவில்லை. மூன்றாவதற்கு நான் ஈடாகக் கொடுப்பது இந்த மண்ணைச் சைட்டாக்கும் உரிமையை. என் பேரப்பிள்ளைகள் சார்பிலும் சேர்த்துத்தான்.

நங்கையா தன் பங்குக்கு அவசரப்படவில்லை. "எங்கப்பன் கெணறு, இருந்துட்டுப் போகட்டும் சாமி" என்கிறார். கொழுந்தனாருக்கு மகளின் அடுத்த வருடக் கட்டணம் கட்டியாக வேண்டும். தை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.