பட்டறையும் கல்விக்கூடமே

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பட்டறைகளில் யப்பானிய மோட்டார் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டும் இளைஞரைக் கல்வியிற் பின்தங்கியோராகக் கருதுவோர் நம்மிடையே உளர். அன்னோர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் செய்ததை அறிதல் நன்று.

மாருதி 800 என்னும் குடும்பக் காரில் இருந்தது, சுசூகி நிறுவனத்தின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின். அதனையே கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் பந்தய வண்டியை 1980களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கினார். எஞ்சின் சிறிதாயினும், சுமை குறையின் வேகம் பிறக்கும். வண்டி தாழ்ந்திருப்பின் வளைவிற் கவிழும் அச்சம் குறையும். அயல்நாட்டு வண்டிக்கு வசதியற்றோரும் பந்தயக் களம் புகுந்தனர். 1995இல் கரிவரதன் விமான விபத்தில் மறைந்தார். அவ்வண்டியிற் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

மாணவர்களே, வகுப்பிற் படித்த விசையையும் நிறையையும் பட்டறையிலே கண்டு தெளியுங்கள். ஆனால், வேகம் பந்தயக் களத்துக்கே உரியது. நம் கடற்கரைச் சாலைக்கு அன்று.